உதைத்துப் பயன் என்ன?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டால் அநேகர் செய்வது ஒன்றுதான்: உதைப்பது! வண்டிக்கு ரோஷம் வருகிறதோ இல்லையோ, உதைத்த காலுக்கு வீக்கம் வந்துவிடுகிறது.

சென்னையில் தயாரான இவ்வண்டி நின்றால், முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி, ஒயருடன் ஸிலிண்டர் தலைமேல் கிடத்திக் கிக்கரை மிதிக்க வேண்டும். நீலப் பொறி பளீரென்று பறந்தால் குற்றமில்லை. மஞ்சளாக மங்கினால் பாயிண்டையும் கண்டென்ஸரையும் சந்தேகிக்கலாம்.

இவற்றில் கண்டென்ஸர் மகா கபடதாரி. சூடேறினால் கைவிடும், அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமறியாததுபோல் மறுபடி உழைக்கும். திருநெல்வேலியில் படுக்கையாய்க் கிடந்த தாயாரைப் பார்க்கச் சென்னையிலிருந்து புறப்பட்ட நம் நண்பரை, திருச்சி தாண்டியபின் இது மூன்று முறை நிறுத்திற்று. ரயிலில் போயிருக்கலாமே என்பீர்கள். அது அவர் தகப்பனார் வாங்கிய வண்டி; அதன் சத்தம் தெருமுனையில் கேட்டால் தாயார் எழுந்து உட்காருவாள் என்பது அவர் நம்பிக்கை.

துவரங்குறிச்சியில் ஒரு சைக்கிள் கடைக் கிழவர் மூடியைத் திறந்தார். பாயிண்டில் பொறி சிதறிக் கரியேறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, 0.015 அங்குல இடைவெளி வைத்து, பழைய அம்பாஸடர் காரின் கண்டென்ஸர் ஒன்றை வெளியே கம்பியால் கட்டிவிட்டார். பார்க்க லக்ஷணமில்லைதான், ஆனால் வண்டி பிறகு நிற்கவில்லை.

இரவு எட்டு மணிக்குத் தெருமுனையில் சத்தம் கேட்டது. தாயார் எழுந்து உட்காரவில்லை, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாள்.

நண்பர் திரும்பியபோது டூல் பெட்டியில் புதுக் கண்டென்ஸர்கள் இரண்டு இருந்தன.