வண்டி ஏறிய ஓடம்

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்; வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியோர் சொன்னது, மனித வாழ்வின் ஏற்றத்தாழ்வை உத்தேசித்து. அமெரிக்காவிலோ கோடை பிறந்துவிட்டால், அந்தப் பழமொழியின் முற்பாதி எவ்வித உட்பொருளும் இன்றி நெடுஞ்சாலைகளில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

அந்நாட்டார் 'ஆர்.வி.' என்று சுருக்கமாக அழைப்பது, படுக்கையும் அடுப்பும் குளியலறையும் கொண்ட ஒரு சக்கர வீடு. சில தாமே ஓடும். சில, லாரிக்கோ காருக்கோ பின்னால் இழுபட்டுப் போகும். ஏரிக்கரையில் முகாமிடப் போகிறவர்கள் கூடவே ஓர் ஓடத்தையும் கொண்டு போகிறார்கள். மேலே மூடியிருப்பது கயாக், திறந்திருப்பது கனூ. இரண்டும் அந்த மண்ணின் பூர்வகுடிகள் கண்டவை. கம்பளி ரோம வியாபாரிகளின் காலத்தில், ஏறக்குறைய 25 அடி நீளமுள்ள மரப்பட்டைக் கனூவை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, நீர்வழி தடைப்பட்ட இடங்களில் காட்டுப் பாதையில் நடந்தார்கள். மின்னஸோட்டாவில் 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்ற அத்தகைய பாதை ஒன்றின் நீளம் எட்டரை மைல்! அவ்வளவு சிரமப்பட்டாலும் அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சுமை அவர்கள் தோள்மீதே இருந்ததால், அதை ஒரு நிமிஷமும் மறக்க முடியாது.

இன்றைய பிரயாணிக்கோ ஓடம் கண்ணுக்கு மறைவாகவே பயணம் செய்கிறது. நம் அபிப்பிராயத்தில், வில்லங்கம் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது.

கூரை காலியாகத்தானே கிடக்கிறது என்று முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் சக்கர வீட்டின் கூரை பெரும்பாலும் 11 அடி முதல் 13 அடி வரை உயரம். இருபது முப்பது கிலோ எடையுள்ள கயாக்கை ஏணி வழியே அங்கே ஏற்றுவது ஒரு கழைக்கூத்து. பல வண்டிகளில் கூரைமேல் மெல்லிய ரப்பர் விரிப்புத்தான் மழையைத் தடுக்கிறது. சட்டம் பொருத்த அதில் துளையிட்டால் ஒழுகல் உள்ளே வர வழி செய்தாயிற்று. இவற்றையெல்லாம் சமாளித்தாலும் பாலம் ஒன்று வரும். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல இடைவெளியுள்ள ரெயில்வே பாலம் ஒன்று பிரசித்தி பெற்றது. எச்சரிக்கைப் பலகையும் மின்னும் விளக்கும் இருந்தும், எத்தனையோ லாரிகளின் கூரையை அது உரித்து எடுத்தது. 2019-ல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதுகிறவர்கள் மோதத்தான் செய்தார்கள். கூரைமேல் ஓடம் ஏற்றியவர் ஓடத்தின் உச்சிவரை அளந்து, அந்த எண்ணை ஓட்டுகிறவர் கண்ணெதிரே ஒட்டி வைப்பது உத்தமம்.

பின்புறத்தில் இரும்புச் சட்டம் பூட்டி ஓடங்களைச் செங்குத்தாக நிறுத்துவது மற்றொரு வழி. தானே ஓடும் பெரிய வண்டிக்கு இது பொருந்தும். விளக்கையும் எண் பலகையும் மறைக்காமல் இருக்கவேண்டும். இழுபடும் வீட்டுக்கு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். அதன் கடைக்கோடியில் பாரம் கூடினால் வால் ஆடும். வால் ஆடினால் முன்னே இழுக்கும் காரும் ஆடும். பின்பக்கத் தடுப்புச் சட்டமோ பல வண்டிகளில் மெல்லிய தகடுதான்.

ஆகவே எளிய வழி, இழுக்கும் காரின் கூரை. அல்லது பெரிய வண்டி தன் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு காரின் கூரை. கைக்கு எட்டும் உயரம். லாரியின்மேல் முன்பாகம் கவிந்து நிற்கும் வீடானால் மட்டும், திருப்பத்தில் ஓடத்தின் வால் அதில் இடிக்குமா என்று மெள்ளத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் இரண்டு பட்டைக் கயிறுகள், முன்மூக்கிலும் பின்மூக்கிலும் தனித்தனிக் கயிறு; இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு கூடவே கூடாது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ரீங்காரமிடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்று வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டும் கணக்கு இங்கே உயிர் பெறுகிறது. 30 மைல் வேகத்தில் அசையாத ஓடம் 60 மைலில் எழும்பப் பார்க்கும். அவிழ்ந்து விழுந்தால் பின்னால் வரும் குடும்பம் என்ன ஆகும்! புறப்பட்டுச் சில மைல் சென்றதும் இறங்கி, முடிச்சுகளைத் தொட்டுப் பார்ப்பது அவசியம்.

இத்தனை தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு மடிக்கும் ஓடம் இருக்கிறது. ஆஸ்கார் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ல் உல்ம் நகரிலிருந்து அத்தகைய ஓடத்தில் புறப்பட்டார். சிரியாவில் அதை பஸ்ஸில் ஏற்றி யூப்ரடீஸ் நதிக்குக் கொண்டு போனார். இந்தியக் கரையோரமாகத் துடுப்பு வலித்து, 1939-ல் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். மடித்த ஓடத்தைக் கட்டிலடியில் வைத்துவிடலாம். ஆனால் மடிப்புகளில் ஜலம் தங்கும்.

அந்த ஜலம் அற்ப விஷயம் அல்ல. காஸ்பியன், கருங்கடல் பிரதேசத்தைச் சேர்ந்த வரிச்சிப்பி 1988-ல் அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள ஸெயின்ட் கிளேர் ஏரியில் காணப்பட்டது. அதன் இனத்ததான குவாகா சிப்பி 2007-ல் மேற்கே மீட் ஏரியில் தோன்றியது. நீர்க்குழாய்களை அடைத்து, ஏரியின் இரையைத் தானே தின்று தீர்க்கும் ஜந்துக்கள் இவை. குஞ்சுகளோ கண்ணுக்கே தெரியா. 2023-ல் ஐடஹோவில் ஸ்நேக் நதியில் குவாகாவின் குஞ்சுகளைக் கண்டதும், ஆற்றில் தாமிர மருந்தையே கலந்தார்கள். மொன்டானா மாகாணத்தில் பரிசோதனைச் சாவடியைக் கண்டால் கயாக் ஏற்றிய வண்டியும் நின்றே ஆகவேண்டும். இயந்திரம் இல்லாத ஓடந்தானே என்ற சலுகை கிடையாது. ஒரு ஏரியை விட்டு மற்றொன்றுக்குப் புறப்படுமுன் ஓடத்தைக் கவிழ்த்து நீரை வடித்து, இருக்கையின் அடியில் ஒட்டிய பாசியைத் துடைத்து, துடுப்பு முதல் செருப்பு வரை வெயிலில் உலர வைத்துவிட்டே கயிற்றை எடுக்கவேண்டும்.