காவலா, சிறையா?

விழா மலரில் விழாவுக்குரிய செய்திகளை எழுதுவதே மரபு. கல்லூரி கண்ட ஏற்றங்களையும், அதனை வளர்த்த பெரியோரின் தொண்டினையும் ஏனைய அன்பர்கள் இம்மலரில் எழுதுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் இனியதன்று. பழைய மாணவரும், இன்று பயிலும் மாணாக்கரும், ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் ஏடு இதனையன்றி வேறு இல்லை ஆதலின், மூவரும் கேட்க வேண்டிய ஒன்றை ஈண்டே கூறத் துணிந்தேன். கல்வி நிலையங்களிலும் அவற்றுக்குச் செல்லும் வழியிலும் பெண்பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் பாலியற் கொடுமையையும், அதனை வாய்திறந்து சொன்ன பிள்ளைக்கு நாம் இழைக்கும் இரண்டாவது கொடுமையையுமே குறிக்கின்றேன்.

உயர்தர வகுப்பிலே மணிமேகலையின் கதையைச் சொல்லும் வாய்ப்பு ஆண்டுதோறும் எனக்குக் கிடைக்கின்றது. மலர் கொய்யச் சென்றவளை உதயகுமரன் தேரேறித் துரத்துகின்றான். அவள் பளிக்கறையிற் புகுந்து ஒளிகின்றாள். (அவள் சென்ற சோலைக்கு உவவனம் என்று பெயர். ஊவாவிலிருந்து படிக்கும் பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டதும் சிரிப்பர். ஒலி ஒப்புமையன்றி வேறு தொடர்பில்லை.) அவள் இசையவில்லை என்பதை அறிந்தும் அவன் விடவில்லை. இறுதியில் காஞ்சனன் என்னும் விஞ்சையனின் வாளுக்கு இரையாகின்றான். செய்தி கேட்ட சோழ மன்னன், மகனுக்குத் தான் அளித்திருக்க வேண்டிய தண்டனையையே விஞ்சையன் அளித்தான் என்று நீதி பேசுகின்றான். அம்மட்டில் நிறுத்தினானா? மணிமேகலையையும் காவலில் வைக்குமாறு ஆணையிடுகின்றான். அந்தப் பகுதிக்குச் சாத்தனார் வைத்த பெயர் ‘சிறைசெய் காதை’ என்பதாம். அரசன் வாயில் காவலாக இருந்தது, புலவர் வாயில் சிறை ஆயிற்று. துரத்தியவன் அரசன் மகன், அடைபட்டவள் துரத்தப்பட்டவள்.

பல்லாண்டுகளாக இக்கதையைச் சொல்லி வந்த எனக்கு, அதன் பொருளை விளக்கியவள் ஒரு மாணவியே. முன்னர் யான் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் அவள் உயர்தரம் பயின்றாள். தோட்டத்து லயத்திலிருந்து ஒன்றரை மைல் இறங்கி நடந்து, பின் பஸ் ஏறி வருபவள். அவள் குடும்பத்தில் சாதாரண தரத்தைத் தாண்டிய முதற்பிள்ளை. அதே பாடசாலை மாணவன் ஒருவனோடு சில மாதங்கள் அன்பாகப் பழகியவள், பின்னர் அவன் போக்குப் பிடியாமல் விலகிக்கொண்டாள். அவனோ விடவில்லை. பஸ் நிலையத்தில் வழிமறித்தான். ஒருநாள் கையைப் பற்றி முறுக்கினான். தொலைபேசியில் இருந்த படங்களை ஊரெல்லாம் அனுப்புவேன் என்று வெருட்டினான். அவள் வகுப்பாசிரியையிடம் கூறினாள். விடயம் மேலே சென்றது. தந்தைக்கு ஆளனுப்பினார்கள். அவர் ஒருநாட் சம்பளத்தை இழந்து வந்தார், கேட்டார், தலைகுனிந்தார், மகளின் விடுகைப்பத்திரத்தைத் தருமாறு வேண்டினார். பிள்ளையின் பாதுகாப்புக்கு அதுவே நன்று என்று அங்கிருந்த எல்லோரும் ஒப்பினோம். பத்திரத்தை எழுதிய கை என்னுடையது.

வாயிலில் நின்ற அவள் என்னிடம், “நான் சொல்லாமலே இருந்திருந்தா படிச்சிருப்பேனே, சேர்” என்றாள்.

அவன் அவ்வாண்டே பரீட்சைக்குத் தோற்றினான். அவள் கொழுந்து பறிக்கச் சென்றாள் என்று பின்னர் அறிந்தேன்.

அவள் கூறியது கணக்குப்போலத் தெளிவானது. முறைப்பாடு செய்தால் படிப்புப் போகும். பொறுத்துக்கொண்டால் படிப்பு நிற்கும். இக்கணக்கைத் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒவ்வொருத்தியும் அறிவாள். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கங்களிலிருந்து பதுளைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் மெளனமாய் இருப்பதைக் கண்டு, இங்கு யாதொரு தீங்கும் நிகழ்வதில்லை என்று நாம் மகிழ்கின்றோம். பேதைமை! அவர்கள் மெளனமாயிருப்பது படிக்க விரும்புவதால்.

தோட்டத்துப் பெற்றோரை யான் பழிக்கவில்லை. பல ஆண்டுகளாக ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன ஒற்றை மண்டபப் பள்ளிகளில் பயின்ற பரம்பரை அது. மகள் நகரத்துக்குச் சென்று படிப்பதையே அக்கம்பக்கத்தார் ஐயத்தோடு நோக்கும் இடத்தில், ஒரு சொல் எழுந்தால் அவளை வீட்டுக்கு அழைப்பதன்றி வேறு வழியை அவருக்கு யார் காட்டினார்? காட்ட வேண்டிய நாமோ விடுகைப்பத்திரத்தை நீட்டுகின்றோம். இதனினும் கொடிது, ‘மானம் போகாமல்’ முடிப்பதாகச் சொல்லி, வருத்தியவனுக்கே அவளைக் கட்டிவைக்கும் பஞ்சாயத்து. பொது விவாகச் சட்டப்படி 18 வயது நிறையாதவளுக்கு மணம் செய்விப்பது 1995 முதல் செல்லாது என்பதைப் பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்கள் அறிவார்களாக.

நிற்க. பழைய மாணவ அன்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒன்றுகூடல் விருந்துகளில் பல்கலைக்கழகப் பகிடிவதைக் கதைகளைச் சிலர் சுவைபடச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். கேட்போரும் வயிறு குலுங்கச் சிரிப்பர். 1975 இல் பேராதனை வளாகத்திலே, இராமநாதன் பெயர் தாங்கிய விடுதியின் மாடியிலிருந்து விவசாய பீட மாணவி ஒருத்தி குதித்தாள். மூத்த மாணவியர் தன் உடம்புக்குச் செய்ய முனைந்த இழிசெயலுக்கு அஞ்சியே குதித்தாள். அவளது உடல் முடமாயிற்று. 2002 இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் பயின்ற தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். இவையெல்லாம் ‘பகிடி’ என்னும் சொல்லுக்குள் நடந்தவை. இழைத்தவர்களும் எங்கோ ஒரு விருந்தில் இருந்து சிரித்திருப்பர் அன்றோ! பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் உள்ளது. நம் பிள்ளைகள் அங்கும் செல்கின்றனர், பிற பல்கலைக்கழகங்களுக்கும் செல்கின்றனர். ஏவுபவர்களாகச் செல்கின்றார்களா, ஏவப்படுபவர்களாகச் செல்கின்றார்களா, இடையில் நின்று தடுப்பவர்களாகச் செல்கின்றார்களா என்பது, அண்ணன்மார் விருந்தில் எதற்குச் சிரிக்கின்றனர் என்பதையும் பொறுத்தது.

சட்டம் இல்லாமற் போகவில்லை. பாலியற் தொந்தரவைத் தண்டனைச் சட்டக்கோவை 1995 திருத்தத்தின் மூலம் குற்றமாக்கிற்று. ஐந்தாண்டு வரை சிறையுண்டு. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், அதனோடு பாலியற் தொந்தரவு சேருமாயின் பத்தாண்டு வரையும் சிறை விதிக்கின்றது. குற்றமிழைத்தவனுக்கே சட்டம் சிறை வைத்திருக்க, நாம் முறையிட்டவளை லயத்து அறையில் அடைக்கின்றோம்.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். காதலைப் பற்றி வகுப்பிற் பேசலாகாது என்று எண்ணும் ஆசிரியர் உளர். தமிழாசிரியனுக்கு அவ்வாறு சொல்ல வழியில்லை, பாடநூலே அகத்திணையாயிற்றே. காமம் மிகுந்து வலிந்து கொள்ளுதலைத் தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்குள் வைக்கவில்லை; பெருந்திணை என்று ஒதுக்கினார். மறுத்தவளைப் பின்தொடர்ந்தே வெல்லலாம் என்று திரைப்படம் கற்பிக்கும் பாடத்தை எதிர்க்க, ஆண்பிள்ளைகளுக்கு இதனைவிடச் சிறந்த பாடம் எங்கே? இதனை அவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அவர்களுள்ளும் வதைக்கப்பட்டு வெளியே சொல்லாதவர் உண்டு. ஆணுக்கு நேராது என்று நாம் எண்ணுவதால் அவர்கள் இருமடங்கு மெளனிகள்.

முறையிட வரும் பிள்ளையிடம், ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று தொடங்குதல் கூடாது. கேட்பவர் ஒருவராக இருக்க வேண்டும். ஐந்து மேசைக்கு முன் ஐந்துமுறை சொல்லவைப்பது வதையே. ஆசிரியர் அறையின் தேநீரோடு அவள் பெயர் கலக்கக் கூடாது. உடலுக்குத் தீங்கு நேர்ந்திருப்பின், குளிக்காமலும் உடையைத் துவைக்காமலும் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். பெரிய அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்னும் பிரிவு இதற்கென்றே உண்டு. சிறுவர்க்கு 1929, பெண்களுக்கு 1938 என்னும் தொலைபேசி இலக்கங்களை வகுப்பறைச் சுவரில் எழுதினால் சுவர் அழுக்காகிவிடாது. யாவற்றினும் முதன்மையானது, வகுப்பு மாற வேண்டுமாயின் அவன் மாறட்டும் என்பது. பஸ்ஸில் வர அஞ்சினால், பரீட்சை முடியும்வரை நகரில் அவள் தங்க ஓர் இடம் தேட வேண்டும். தந்தை விடுகைப்பத்திரம் கேட்டு வந்தால், அதை எழுதுமுன் ஒருவராவது அவரோடு லயத்துக்குச் சென்று, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேச வேண்டும். யான் அன்று செல்லவில்லை.

விழா நினைவாகப் பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரிக்கு ஏதேனும் அமைத்துத் தர எண்ணியிருப்பர். நுழைவாயில் வளைவு கட்டுவதாயின் கட்டுக, யான் தடுக்கவில்லை. அதில் மிஞ்சும் பணத்தில், அலுவலகத்துக்கு எட்ட, நூலகத்துக்கு அருகே, போவதும் வருவதும் பிறர் கண்ணிற் படாத ஓர் அறை வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே நாள்தோறும் ஒரு பாடவேளை இருக்க வேண்டும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவு போதும்.