துணிக்கு நான்கு விளக்கு, தொழிலாளிக்கு?

திருப்பூரில் சாயமேற்றிய ஏற்றுமதித் துணியை ஒரே விளக்கின் கீழ் பார்த்து யாரும் அனுப்பிவிடுவதில்லை. நிறம் சரிபார்க்கும் அறையில் அதற்கென ஒரு பெட்டி இருக்கும். பகல் வெளிச்சத்தை ஒத்த டி-65, ஐரோப்பியக் கடைகளில் எரியும் குழல்விளக்கை ஒத்த டி.எல்.-84, பழைய இழைவிளக்கின் மஞ்சள் ஒளி, வெண்மையூட்டியைக் காட்டிக்கொடுக்கும் புறஊதா ஒளி என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். ஓர் ஒளியில் ஒரே நிறமாகத் தெரியும் உடல் துணியும் கழுத்துப் பட்டியும் வேறோர் ஒளியில் வெவ்வேறு நிறமாகத் தெரிவதுண்டு. அப்படித் தெரிந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும் என்பதைச் சாயப்பட்டறை மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும் அறிவார்.

பொருளியல் கற்பித்தவனுக்கு ஒளியியலில் என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் அதே கருத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு எண்டோஸ்கோபி அறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. பனியனுக்கு எளிதில் கிடைத்த பல ஒளிச் சோதனை, அந்தப் பனியனைத் தைப்பவருக்கு ஏன் அத்தனை எளிதில் கிடைப்பதில்லை என்பது பொருளியல் கேள்விதான்.

உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றின் உட்புறத்தை வளைகுழாய் வழியே பார்க்கும் இச்சோதனை நெடுங்காலம் வெள்ளொளியையே நம்பியிருந்தது. அந்த ஒளியில் தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் சற்றே சிவந்த, அல்லது சற்றே வெளிறிய ஒரு திட்டு; அவ்வளவுதான். ஐயம் எழுந்தால் மருத்துவர்கள் இண்டிகோ கார்மைன், அயோடின் போன்ற கரைசல்களைத் தெளித்துப் பார்த்தார்கள். உடலுக்குள்ளும் ஒரு சாயப்பட்டறை வேலை!

சாயத்துக்குப் பதிலாக ஒளியையே மாற்றினால் என்ன என்று எண்ணியவர்கள் ஜப்பானியர்கள். காசிவாவிலுள்ள தேசியப் புற்றுநோய் மைய மருத்துவமனையும் ஒலிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய குறுகிய அலைவரிசைப் படமாக்கம் (என்.பி.ஐ.) 2000-களின் நடுவில் சந்தைக்கு வந்தது. 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய நீல, பச்சை ஒளிகளை மட்டும் அது உள்ளே செலுத்துகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இவ்விரண்டையும் மிகுதியாக உறிஞ்சுவதால் இரத்த நாளங்கள் கருத்துத் தெரிகின்றன. நீல ஒளி அதிக ஆழம் இறங்காது. ஆகவே சளிச்சவ்வின் மேற்பரப்பிலுள்ள நுண்நாளங்கள் பழுப்பு வலையாகத் தெரியும். பச்சை ஒளி சற்று ஆழம் செல்லும். அடியிலுள்ள நாளங்கள் நீலப்பச்சையாகத் தெரியும். புற்று தலைகாட்டும் இடத்தில் இந்த நாளங்கள் தடித்து, முறுக்கிக்கொண்டு ஒழுங்கு குலைகின்றன. வெள்ளொளியில் தப்பிய திட்டு இங்கே ஓர் எல்லைக்கோட்டுடன் பிரிந்து தெரிகிறது. ஃபியூஜிஃபில்ம், பென்டாக்ஸ் நிறுவனங்கள் தத்தம் வழிகளில் இதையொத்த வசதிகளைக் கொண்டுவந்தன. ஒலிம்பஸ் 2020-இல் வெளியிட்ட கருவியில் ஐந்து நிற எல்.இ.டி. விளக்குகள் உள்ளன.

இதனால் கிடைக்கும் பயனை மிகைப்படுத்தக் கூடாது. உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளிடம் ஜப்பானில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், மேலோட்டமான புற்றுகளை வெள்ளொளி 55 சதவீதம் கண்டுபிடித்தது, என்.பி.ஐ. 97 சதவீதம். வியக்கத்தக்க வேறுபாடுதான். ஆனால் இரைப்பையில் கதை வேறு. ஆபத்து மிகுந்த 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2021-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், புதிய தலைமுறை என்.பி.ஐ.யும் வெள்ளொளியும் தொடக்கநிலைப் புற்றைக் கண்டறிந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே கண்ணில் பட்ட ஒரு திட்டு புற்றா, வெறும் அழற்சியா என்று உருப்பெருக்கிப் பிரித்தறிவதில்தான் இரைப்பையில் இதன் வலிமை இருக்கிறது. அதற்குப் பயின்ற கண் வேண்டும். விளக்குப் பெட்டியை வாங்கிவைத்தால் மட்டும் நிறம் பொருந்திவிடாது என்பதைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றாட வழக்கு. காலை உணவைத் தள்ளிப்போட்டுத் தேநீரில் பொழுதைக் கடத்துவோர் ஏராளம். இதனால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை. இரைப்பைப் புற்றுக்கு எச்.பைலோரி கிருமியும் புகையிலையும்தான் நன்கறிந்த காரணிகள். என் கவலை வேறு. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று வலிக்கும் மருந்துக் கடையில் 'கேஸ் மாத்திரை' வாங்கி விழுங்குவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வலியை அடக்கும். அதனுடன், தீவிர நோயின் அறிகுறியையும் மறைத்துவிடக்கூடும். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. தென்கொரியாவில் 40 வயது கடந்தோருக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை இரைப்பைச் சோதனை தேசியத் திட்டமாகவே நடக்கிறது. நமது தேசியத் திட்டம் பரவலாகத் தேடும் புற்றுகள் மூன்று: வாய், மார்பகம், கருப்பை வாய். கொரியாவைப் போல எல்லோருக்கும் எண்டோஸ்கோபி செய்ய நம்மால் இயலாது. அங்குள்ள அளவுக்கு இங்கு இந்நோய் பரவலாகவும் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் வலியோடு வருபவரையாவது காலத்தே பார்க்க வேண்டாமா?

இனி விலைக்கு வருவோம். தொடக்ககால என்.பி.ஐ.யின் உயிர்நாடி, விளக்கின் முன் வைத்த ஒரு வடிகட்டி. பொருளாக அது பெரிய விலையுடையதன்று. விலையெல்லாம் அதனுடன் இணைந்த படச் செயலியிலும், ஒரு நிறுவனத்தின் குழாய் மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருந்தாத ஏற்பாட்டிலும் இருக்கிறது. மூன்று ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. வளைகுழாய் பழுதானால் அவர்களிடமே செல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் மருத்துவக் கருவிகளின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் இறக்குமதியாகும் பெரும்பாலான மருத்துவக் கருவிகள் மீது 2020-இல் விதிக்கப்பட்ட 5 சதவீத சுகாதார மேல்வரி வேறாக இருக்கிறது. ஏற்றுமதிக் கடப்பாட்டை ஏற்றால் பின்னலாடை எந்திரம் சுங்க வரியின்றி உள்ளே வரும். உள்ளூர் ஏழைக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையோ எதையும் ஏற்றுமதி செய்வதில்லை; ஆகவே அதற்கு அந்தச் சலுகை இல்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்காக, ஊதியத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்குச் செலுத்துகின்றனர். 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத் திருப்பூரில் 2019 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இடையில் நிற்பது நாள்கணக்கு. நோய்க்கால உதவித்தொகை பெற, அரையாண்டுப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து ஆர்டர்கள் சுருங்கியபோது முதலில் குறைந்தவை வேலை நாள்கள்தாம். ஒப்பந்ததாரரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் நாள்கள் பல இடங்களில் கணக்கிலேயே ஏறுவதில்லை. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் நிறுவனம் மாறும்போதெல்லாம் பழைய எண் தொடராமல் புதிதாகத் தொடங்குவதும் உண்டு.

திருப்பூருக்குப் பொதுமைப்படுத்தும் அனுபவம் இருக்கிறது. ஒவ்வொரு சாயப்பட்டறையும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்ற நிலையில்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எண்டோஸ்கோபிக்கும் அவ்வழி பொருந்தும். இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அரசு மருத்துவக் கல்லூரியும் தனித்தனியே கருவி வாங்கி, ஒன்று ஆளின்றியும் மற்றது பழுதாகியும் கிடப்பதைவிட, இரண்டும் சேர்ந்து பல ஒளி வசதியுள்ள ஒரே மையத்தை இரு ஷிப்டிலும் இயக்கலாம். கருவிக்கு முன் மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். ஐதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஆண்டுக்கு இருவரை அனுப்புவது அரசுக்குப் பெரிய செலவன்று. தொழிலாளர் வருவது ஞாயிறன்று என்பதால் மையம் ஞாயிறும் திறந்திருக்க வேண்டும். வெளிநாட்டு வாங்குவோர் தணிக்கைக்கு வரும்போது தீயணைப்பானையும் கழிப்பறையையும் எண்ணுகிறார்கள். இ.எஸ்.ஐ. பட்டியலில் உள்ள பெயர்களும் தையல் வரிசையில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் அவர்கள் எண்ணலாம்.