கண்ணுக்கு ஒரு நியாயம், மனத்துக்கு ஒரு நியாயமா?

"மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு வேலை எதற்கு? வீட்டில் ஒரு மூலையில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கட்டுமே!"

இந்தப் பேச்சைக் காந்தலூர் பூண்டுக் காட்டிலும் கேட்கலாம். மறையூர் கரும்புக் காட்டிலும் கேட்கலாம். மூணாறு எஸ்டேட்டில் செக்ரோல் வாசிக்கிற இடத்திலும் கேட்கலாம். சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பலர் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரக்கம் ஒரு குடும்பத்தின் அடுப்பையே அணைத்துவிடுகிறது என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தோட்டத் தொழிலாளிக்கு வேலை என்பது கூலி மட்டும் அல்ல. குடியிருக்கும் லயத்து வீடும் அந்த வேலையோடு ஒட்டியது. செக்ரோலில் பெயர் அடிபட்டால், இன்றில்லாவிட்டாலும் நாளை வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? பாட்டன் விட்டுவந்த திருநெல்வேலிப் பக்கத்திலோ மதுரைப் பக்கத்திலோ நம்மில் பலருக்கு உட்கார ஒரு திண்ணை கிடையாது. ஆக, ஒருவருக்கு மனநோய் வந்து வேலை போனால், அவரோடு சேர்ந்து ஐந்தாறு பேர் தெருவுக்கு வருகிறார்கள். நாள்கூலிக்குக் காய்கறித் தோட்டத்துக்குப் போகிறவர் நிலைமை இன்னும் மோசம். அங்கே பெயரை அடிக்கக்கூடத் தேவையில்லை. மறுநாள் காலை ஜீப்பில் ஏற்றாமல் விட்டால் போதும்.

இது எங்கோ யாருக்கோ வரும் நோய் என்று எண்ண வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றும் அது கண்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போய் 70 உயிர்கள் பலியானதை நாம் மறக்கவில்லை. அன்று பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், மறுமாதமே மனம் கலங்காமல் கொழுந்து கிள்ள வேண்டும் என்று எந்த நியாயஸ்தர் சொல்வார்?

நாம் ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைப்பவர்கள். அங்கே உள்ள ஒரு விதியைச் சொல்கிறோம். இஞ்சின் டிரைவருக்குக் கண் பார்வை குறைந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. இஞ்சினிலிருந்து இறக்கி, அந்தப் பார்வைக்கு ஏற்ற வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள். சம்பளத்தைக் குறைப்பதில்லை. தகுந்த இடம் உடனே காலியில்லை என்றால், அது கிடைக்கும்வரை கூடுதலாக ஒரு பணியிடத்தை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்கிறார்கள். இதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. உழைத்தவனுக்கு உரிய நியாயம் என்கிறார்கள். கண்ணுக்கு உள்ள இந்த நியாயம் மனத்துக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

சட்டம் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது இந்நிலைக்கு ஆளான அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர்மீது, மனநோயால் பாதிக்கப்பட்டிருந்த காலத்து நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. ஆயுதம் ஏந்தும் பணிக்கு அவர் ஏற்றவர் அல்ல என்று கண்டால், சம்பளம் குறையாமல் வேறு பணி கொடுங்கள் என்றது. துப்பாக்கி பிடிக்கும் படையிலேயே இது நடக்கும் என்றால், கூடை சுமக்கும் காட்டில் நடக்காதா?

ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு ஊழியருக்கு உரியது. அது தானாக மலையேறி எஸ்டேட்டுக்கு வராது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், அதில் உள்ளதை நடத்திக் காட்டச் சொல்வதும் சங்கத்தின் வேலை.

"முழுக்கக் குணமாகி வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது அடுத்த வாதம். கேட்பதற்கு நியாயம் போல இருக்கிறது. ஆனால் சும்மா உட்கார வைத்தால் மனிதன் தேறுவதில்லை, இற்றுப்போகிறான். அமெரிக்காவில் 1990களில் இதற்கு நேர்மாறான முறையைச் சோதித்தார்கள். வேலை வேண்டும் என்று கேட்கிற நோயாளியை முதலில் உண்மையான சம்பள வேலையில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு ஒருவர் கூடவே இருந்து தொழிலையும் பழக்குவார், முதலாளியிடமும் பேசுவார். பழைய முறையில் நாலில் ஒருவர் வேலை பிடித்தார் என்றால், இந்த முறையில் பாதிப்பேருக்கு மேல் பிடித்தார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனத்தாரும் மனச்சிதைவு நோய் கண்டவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? மூணாறு ஸ்ருஷ்டியில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் துணிக்குச் சாயம் போடுகிறார்கள், காகிதம் செய்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். அவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் மனவளர்ச்சிக் குறைபாடும் உடல் ஊனமும்; மனநோய் வேறு. என்றாலும் பாடம் ஒன்றுதான்: ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமைத்தால் ஆள் நிற்கிறார்.

வேலையை அமைப்பது என்றால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இரவு மாத்திரை சிலரைக் காலையில் மந்தமாக்கும். அவரை ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லலாம். மாத்திரை நேரத்தை மாற்றித் தரும்படி டாக்டரிடமும் கேட்கலாம். தாமாக நிறுத்திவிடக் கூடாது. லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது ஆபத்து. பன்றிக்கும் யானைக்கும் இரவுக் காவல் போட வேண்டாம். தூக்கம் கெட்டால் நோய் திரும்பும். மருந்தடிப்பதற்கும் கொழுந்து வெட்டும் மிஷினுக்கும் பதிலாக நாற்றங்காலிலோ பூண்டு தரம் பிரிப்பதிலோ போடலாம். ஐந்து பேர் ஐந்து விதமாக ஏவாமல் ஒருவர் மட்டும் வேலை சொல்லட்டும். "பைத்தியம்" என்ற சொல் காட்டில் ஒலிக்கவே கூடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பெண்ணுக்கு வரன் அமையாதே என்று பயந்து நோயை மூடி வைக்கிறோம். மூடி வைத்த நோய் முற்றிய பிறகு வெளியே வருகிறது. கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர் போகட்டும். மாத்திரையும் கூடப் போகட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் வரும் நாளை அரசு ஆரோக்கிய நிலையத்தில் கேட்டு அறியுங்கள். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு அரசு தரும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். மாநிலம் மாறினாலும் அதன் மதிப்புப் போய்விடாது.

சங்கங்களின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. மனநோய்க்குச் சிகிச்சை பெறும் தொழிலாளியின் பெயரைச் செக்ரோலில் இருந்து அடிக்கக் கூடாது. வீட்டைக் கேட்கக் கூடாது.

2. செய்த வேலை முடியாவிட்டால், கூலி குறையாமல் வேறு வேலை தர வேண்டும்.

3. ஆஸ்பத்திரி நாளைச் சம்பளத்தோடு கூடிய லீவாகக் கணக்கிட வேண்டும்.

4. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கூட்டாளியைச் சங்கம் நியமிக்க வேண்டும். திரும்ப வேலைக்கு வருகிறவரோடு முதல் மூன்று மாதம் நடப்பது அவர் பொறுப்பு.

2015இல் மூணாறுத் தெருவில் உட்கார்ந்து போனஸுக்காகப் போராடியவர்கள் நம் பெண்கள். தலைவர்கள் முடியாது என்று சொன்னதை முடித்துக் காட்டினார்கள். அந்த வல்லமை இருக்கும் இடத்தில் இந்த நான்கு வரிகளை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது பெரிய காரியமா? தோழர்களே, அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து இதைக் கேளுங்கள்.