டாக்டருக்கு விதி, கம்பெனிக்கு?

டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்கும் காசு கொடுத்து, வரிசையில் நின்று களைத்துத் திரும்புகிறவன் தொழிலாளி. இருந்த இடத்திலேயே அவனுக்கு மருத்துவ ஆலோசனை கிடைக்குமென்றால், வேண்டாமென்று யார் சொல்வார்? தொலைமருத்துவத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுவது வேறு.

2020 மார்ச் 25-ஆம் நாள், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், நாடு முழுமைக்குமான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. போனில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா, தவறா என்று அதுவரை டாக்டர்களுக்கே தெளிவில்லை. அந்தக் குழப்பம் தீர்ந்தது, நல்லதே.

நெறிகள் கூறுவதென்ன? ஆலோசனை சொல்பவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் தம் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். நேரில் சோதித்தே தீரவேண்டிய நோயென்றால், போனிலேயே வைத்தியத்தைத் தொடரக் கூடாது. செயற்கை நுண்ணறிவு டாக்டருக்குத் துணை நிற்கலாம். தானே மருந்து எழுதக் கூடாது.

எல்லாம் சரி. மீறினால்?

மீறியவர் டாக்டரானால் மருத்துவக் கவுன்சில் பிடிக்கும். பதிவையே நீக்கவும் செய்யும். ஏனெனில் இந்நெறிகள், டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் பின்னிணைப்பு. ஆனால், செயலியை நடத்திப் பணம் பண்ணும் கம்பெனி டாக்டர் அல்லவே! அதற்கு இந்நெறிகள் காட்டும் தண்டனை கறுப்புப் பட்டியல்தான். பட்டியலில் சேர்ந்த கம்பெனியின் மூலம் டாக்டர்கள் ஆலோசனை கூறக் கூடாதாம். அப்போதும் கட்டுப்படுகிறவர் டாக்டரே! நோயாளியின் குறையைக் கேட்க ஏற்பாடு வேண்டுமென்கிறது நெறி. கேட்பது யார்? அதே கம்பெனி! திருடனிடமே சாவியைக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டது. அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. அவையும் டாக்டர்களுக்கான விதிகளே.

அரசின் 'இ-சஞ்சீவனி' கட்டணமின்றி நடக்கிறது. அதை வளர்க்க வேண்டுமென்பதே நம் கருத்து. ஆனால் சிக்னல் இல்லாத மலைக் கிராமத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? நல்ல போன் இல்லாத கூலிக்காரன் என்ன செய்வான்? துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இருந்து பேச வைத்தால்தான், சீட்டில் எழுதிய மருந்து அங்கேயே கிடைத்தால்தான் பயன். காலியாகக் கிடக்கும் டாக்டர் நாற்காலிக்குப் போன் ஒருநாளும் ஈடாகாது.

ஆகவே நாம் கேட்கிறோம்: தொலைமருத்துவக் கம்பெனிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். கம்பெனிக்கு வெளியே முறையீட்டு மன்றம் வேண்டும்.

அதுவரை தோழர்கள் வாளாவிருக்க வேண்டாம். போனில் வைத்தியம் பார்க்கும் ஒவ்வொருவரும் பதிவு எண்ணையும் சீட்டையும் ரசீதையும் கேட்டு வாங்கட்டும். அது சலுகையல்ல, உரிமை என்பதை ஆலை வாசலிலும் தெருமுனையிலும் எடுத்துச் சொல்லுங்கள்!