ஏவலும் அறிவும்

ஸ்ரீரங்கப்பட்டணம் என்றதும் 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்ததும் திப்பு சுல்தான் போரிட்டு மாண்டதுமே நினைவுக்கு வருகின்றன. பத்தாண்டு கழித்து அதே காவிரித் தீவின் எதிரே சிந்திய குருதியைப் பேசுவார் அரியர். நமக்குரிய பாடம் அதில்தான் இருக்கிறது.

1809ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் பார்லோவுக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தனர். சிப்பாய்களின் கூடாரச் செலவுக்கென அதிகாரிகள் மாதந்தோறும் பெற்றுவந்த தொகை நிறுத்தப்பட்டது அவர்கள் முன்வைத்த குறைகளுள் ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை கலகக்காரர் வசமாயிற்று. அவர்களுக்குத் துணைசெய்யச் சித்திரதுர்க்கத்திலிருந்து இரண்டு சிப்பாய்ப் பட்டாளங்கள், தம் அதிகாரிகளின் ஆணைப்படி நடந்து வந்தன. ஆகஸ்டு 11 அன்று, கோட்டையை நெருங்கும் வேளையில், அரசின் குதிரைப்படை அவர்கள்மேல் பாய்ந்தது. அணிகள் சிதறின, சிப்பாய்கள் பலர் மடிந்தனர்.

நின்றுபோன தொகை சிப்பாயின் பைக்கு வந்ததன்று. ஆளுநரோடு அவனுக்கு வழக்கும் இல்லை. நடக்கச் சொன்னார்கள், நடந்தான். கலகம் அடங்கியபின் கோட்டைத் தளபதி ஜான் பெல் உள்ளிட்ட சிலர் தண்டனை பெற்றனர். அதிகாரிகளுள் பெரும்பாலோர் மன்னிப்புப் பெற்றுப் பணியில் தொடர்ந்தனர். மாண்ட சிப்பாய்க்கு எந்த மன்னிப்பும் பயன்படவில்லை.

மூன்றாண்டு முன்னர், 1806 ஜூலையில், அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் வேலூரில் எழுந்தனர். புதிய தலைப்பாகையும், சமயக் குறிகளை அழிக்கச் சொன்ன ஆணையும் தம் மானத்துக்கு இழுக்கு என்று தாமே எண்ணி முடிவுசெய்தனர். அவர்கள் கைக்கொண்ட வன்முறையை நாம் போற்றவில்லை. ஆயினும் வேலூரில் மடிந்தவன் எதன் பொருட்டு மடிகிறோம் என்பதை அறிந்திருந்தான்.

கேள்வி கேட்கத் தொடங்கினால் ஒழுங்கு குலையும் என்பர் சிலர். ஒழுங்கு வேண்டுவதே, அது அறிந்து ஏற்றதாக இருக்க வேண்டும். மேலிடத்து ஆணை குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பதை இரண்டாம் உலகப் போருக்குப்பின் நியூரம்பர்க் தீர்ப்பாயம் உலகுக்கு உணர்த்தியது. கீழ்ப்படிந்தவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி.

ஆணையிடுபவர் யார், அதனால் நலம் பெறுபவர் யார், இழப்பு யார் தலையில் விழும் என்னும் மூன்று வினாக்களையும் கேட்கும் துணிவைப் பள்ளி மாணவர்க்கு ஊட்ட வேண்டும். அவற்றைக் கேட்கும் உரிமையைக் கட்சித் தொண்டருக்குக் கட்சி அளிக்க வேண்டும். அலுவலகத்தில் கடைநிலை ஊழியருக்கும் அவ்வுரிமை இருக்க வேண்டும். வினாவுக்கு அஞ்சும் தலைமை, தன்னைப் பின்பற்றுவோரின் உயிரை மதிக்காத தலைமையே. அத்தகைய தலைமைக்குப் பணிய மறுப்பது குடிமக்களின் கடமை.