தேவிகுளத்தில் பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடு: திருடனுக்கு வழி காட்டுவது எது?

கோடை விடுமுறை முடிந்து, ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தேவிகுளம் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். போடிமெட்டு வழியாக ஏறி வந்த சென்னை, மதுரை, பெங்களூரு வண்டிகள் இறங்கிப் போய்விடும். மூணாறு, சின்னக்கானல், பூப்பாறை, மறையூர் என்று வெளியூர்க்காரர்கள் ஆசையாக வாங்கிப்போட்ட வீடுகள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். மழை, பனிமூட்டம், அடிக்கடி போகும் கரண்ட். அக்கம்பக்கத்து வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்காது.

இப்படி ஒரு வீடு உங்களுக்கோ, உங்கள் அப்பா அம்மாவுக்கோ இருந்தால், முதலில் தோன்றுவது "ஒரு கேமரா மாட்டிடலாம்" என்பதுதான். மாட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றி யாருக்கு என்னென்ன தெரியும் என்ற கேள்வியை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான விடுமுறை இல்லத்தில் நடந்த கொள்ளை அதற்கு உதாரணம்.

கோடநாட்டில் என்ன நடந்தது?

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரி மாவட்டம் கோத்தகிரிக்கு அருகே இருக்கிறது கோடநாடு எஸ்டேட். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா ஓய்வுக்காகப் போய்த் தங்கிய இடம். சுமார் 900 ஏக்கர், பல வாயில்கள், காவலாளிகள், சிசிடிவி என்று எல்லாம் இருந்தது. 2016 டிசம்பர் 5-ல் அவர் இறந்தார். ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 2017 ஏப்ரல் 23 நள்ளிரவைத் தாண்டி ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. காவலாளி ஓம் பகதூர் கொல்லப்பட்டார். இன்னொரு காவலாளி தாக்கப்பட்டார்.

போனதாக போலீஸ் சொன்னது சில கைக்கடிகாரங்களும் ஒரு கிரிஸ்டல் அலங்காரப் பொருளும். வேறு எதுவும் போனதா என்பது அரசியல் சர்ச்சையாகவே தொடர்ந்தது. 2022-ல் விசாரணை சிபிசிஐடிக்கு மாறியது.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, போலீஸ் முதல் குற்றவாளியாகச் சேர்த்தவர் ஜெயலலிதாவிடம் ஓட்டுநராக வேலை பார்த்தவர். அதாவது, இடம் தெரிந்தவர். இரண்டு, சம்பவ நேரத்தில் சிசிடிவி ஏன் வேலை செய்யவில்லை என்பது வழக்கின் முக்கியக் கேள்விகளில் ஒன்றானது. மூன்று, உரிமையாளர் இல்லாத வீட்டைக் காத்து நின்ற சாதாரணத் தொழிலாளி உயிரை விட்டார்.

வீடு காலி என்பது யாருக்கெல்லாம் தெரியும்?

பெயின்டர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தோட்ட வேலைக்கு வந்தவர், முன்பு கார் ஓட்டியவர், வீட்டைக் காட்டிய புரோக்கர், வாடகைக்கு விட்டிருந்தால் வந்து போன விருந்தினர்கள். இவர்கள் எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. பெரும்பாலோர் நேர்மையானவர்கள்தான். ஆனால் தகவல் ஒருவரிடம் நிற்காது. "அந்த வீட்டுக்காரங்க இனிமே ஓணத்துக்குத்தான் வருவாங்க" என்று டீக்கடையில் சொல்லும் ஒரு வார்த்தை போதும்.

அதனால் எத்தனை சாவி இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். வேலையாள் மாறினால் பூட்டையும் மாற்றுங்கள். எப்போது வருவீர்கள், போவீர்கள் என்பதை வீட்டைக் கவனிப்பவரிடம் மட்டும் சொன்னால் போதும். அங்கே எடுத்த போட்டோவையும் ஊர் திரும்பிய உடனே இன்ஸ்டாகிராமில் ஏற்ற வேண்டாம். வீடு காலியாகிவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பாகிவிடும்.

கேமரா எந்த அளவுக்கு உதவும்?

கரண்டும் நெட்டும் இருக்கும் வரைதான் உதவும். மழைக்காலத்தில் மலையில் இரண்டையும் நம்ப முடியாது. பேட்டரி பேக்கப், சிம் கார்டில் இயங்கும் ரவுட்டர், பதிவுகளை கிளவுடில் சேமிக்கும் வசதி மூன்றும் இல்லாவிட்டால், பதிவுப் பெட்டியையும் சேர்த்தே தூக்கிப் போவார்கள். நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று, அலர்ட் வருவது உங்கள் போனுக்கு. நீங்கள் ஓஎம்ஆரில் மீட்டிங்கில் இருப்பீர்கள். பத்து நிமிடத்தில் அந்த வீட்டு வாசலுக்குப் போகக்கூடிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் திருட்டை நேரலையில் பார்க்கத்தான் கேமரா.

போலீஸிடம் முன்கூட்டியே சொல்லலாமா?

சொல்லலாம். கேரள காவல்துறையின் 'போல் ஆப்' செயலியில் பூட்டிய வீடுகளைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. போகும் நாள், வீட்டுக்கு வரும் வழி, அருகில் இருப்பவரின் பெயர், போன் எண் ஆகியவற்றைக் கொடுத்தால், அதிகபட்சம் 14 நாட்கள் வரை ரோந்துப் போலீஸார் அந்த வீட்டைக் கவனிப்பார்கள்.

ஊருக்குப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முழுத் தீர்வு ஆகாது. ஆனால் கேர்டேக்கர் கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் போகும் வாரத்தில் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற நாட்களுக்கு, ஒருமுறை நேரில் ஸ்டேஷனுக்குப் போய் வீட்டு விவரத்தையும் உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். தேவிகுளத்தில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். மொழி ஒரு தடையாக இருக்காது.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசி அடிப்படையில் தீ, வெள்ளம், நிலச்சரிவு போன்ற ஆபத்துகளுக்கானது. அப்படி ஒரு பாதிப்பு நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் திருட்டு நடந்தால்தான் அதில் இழப்பீடு. சாதாரணக் கொள்ளைக்குத் தனி பாலிசி வேண்டும்.

அதிலும் "பலவந்தமாக உடைத்து நுழைந்தால்" என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் – ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டது. அதாவது, சாவியை வைத்துத் திறந்து எடுத்துப் போனால் இழப்பு உங்களுடையதாகிவிடலாம். தொடர்ந்து இத்தனை நாள் ஆள் இல்லாவிட்டால் பாலிசி செல்லாது என்ற வரியும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்?

எதையும் தொடாமல் 112-க்கு அழையுங்கள். நீங்கள் சென்னையில் இருந்தாலும் அங்குள்ள ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் புகாரைப் பெறச் சொல்கிறது. ஆன்லைனில் கொடுத்தால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும்.

ஆள் இல்லாத வீடு என்பதால் தண்டனை குறையாது. வீட்டுக்குள் திருடினால் பிஎன்எஸ் 305-ன்படி 7 ஆண்டுகள் வரை சிறை. இரவில் வீட்டை உடைத்துத் திருட நுழைந்தால் 331-ன்படி 14 ஆண்டுகள் வரை போகலாம்.

அப்படியென்றால் ஒரு வாட்ச்மேன் போட்டால் போதுமா?

ஓம் பகதூரை நினைவில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டிய கேள்வி இது. நடுக்காட்டில் ஒற்றை ஆளை, குறைந்த சம்பளத்தில், சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்துவது உங்கள் பொருளுக்கு அவர் உயிரை ஈடு வைப்பது. பக்கத்திலேயே குடும்பத்தோடு இருக்கும் ஒருவர் பகலில் இரண்டு முறை வந்து ஜன்னலைத் திறந்து, விளக்கைப் போட்டு அணைத்துப் போவது இதைவிட மேல். ஒழுங்கான சம்பளம், வேலை செய்யும் போன், "யாராவது வந்தா எதிர்த்து நிக்காதீங்க, தள்ளிப் போய் போலீஸைக் கூப்பிடுங்க" என்ற தெளிவான பேச்சு. இந்த மூன்றும் அவருடைய உரிமை.

அவருக்கு ஆபத்தைக் குறைக்க இன்னொரு வழி, எடுக்கத் தகுந்த எதையும் உள்ளே வைக்காமல் இருப்பது. நகை, லேப்டாப், பத்திரம், பாட்டில் எதுவும் வேண்டாம். அரிசி மூட்டையும் வேண்டாம். சின்னக்கானல் பக்கம் அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த காட்டு யானை அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29-ல்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். இந்தப் பக்கத்தில் கதவை உடைப்பது மனிதர்கள் மட்டுமில்லை.

இந்த சீசனில் வீட்டைப் பூட்டும் முன், கேமரா விலையைப் பார்ப்பதற்கு முன்பாக, சாவிக் கணக்கை எடுங்கள், உள்ளே இருக்கும் விலையுள்ள பொருளை வண்டியில் ஏற்றுங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுங்கள். மூன்றுக்கும் பெரிதாகச் செலவில்லை.